சாக்கடை கேமராவில் படம் வரவில்லையா? தலையைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

வாங்கி இருபது நாள்கூட ஆகாத கேமரா. திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க உள்ளே விட்டிருந்தேன். பதினோராவது மீட்டரில் படம் ஒருமுறை துடித்தது. அப்புறம் திரை நீலமாகி நின்றுவிட்டது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கேமராவுக்கே மயக்கம் வந்துட்டா?" என்று கேட்டார்கள்.

அன்று ராத்திரியே கட்டிங் பிளேயரை வைத்துக் கேமரா தலையை (லென்ஸும் விளக்கும் உள்ள முன்முனை) திருகித் திறந்தேன். வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தது. உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. ஒன்றும் புரியாமல் மூடினேன். எதையோ அசைத்ததில் படம் வந்துவிட்டது, நான்தான் சரிசெய்தேன் என்ற சந்தோஷத்தில் மறுநாள் வேலைக்கு எடுத்துப்போனேன். மூடும்போது ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பிதுங்கி வெட்டுப்பட்டதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் புகுந்து, அதுவரை நன்றாக இருந்த தலை நிஜமாகவே செத்தது. கடைசியில் பார்த்தால் முதல் நாள் கோளாறு, தள்ளும் கம்பி சுற்றியிருக்கும் ரீலிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஒயரின் பிளக்கில் ஒரு பின் (சின்ன உலோக ஊசி) பின்னால் தள்ளிப்போயிருந்ததுதான். ஐந்து நிமிட வேலை. அதற்கு நான் கொடுத்தது புதுத் தலைக்கு 11,500 ரூபாயும் பன்னிரண்டு நாள் வேலையும்.

ஜங்ஷன் பக்கம் பழைய டிவி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் போய்ப் புலம்பியபோது அவர் கேட்டது: "ஏம்டே, ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல நாடி பாப்பாவளா, வயித்தக் கீறுவாவளா?"

அந்த நாடி பார்க்கிற வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசை. தலை கடைசியில்தான் வரும். இது 20 முதல் 60 மீட்டர் வரை கையால் தள்ளும் சின்னக் கேமராக்களுக்கு, அதுவும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவற்றுக்கு மட்டும். வேனில் வைத்து ஓட்டும், சக்கரம் வைத்த பெரிய ஊர்தி கேமராக்களில் இதைவிட அதிக வோல்டேஜ் ஓடும். அவற்றின் பெட்டியைத் திறக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் (எனக்கு 1,500 ரூபாய் ஆனது), 25 வாட் சால்டரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், சிலிக்கான் கிரீஸ். எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்குள் முடிந்தது. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் 5-ஆம் படிக்கு மேல் எதையும் திறக்காமல் நேராக 9-ஆம் படிக்குப் போங்கள்.

1. மேன்ஹோல் ஓரத்தில் பழுது பார்க்காதீர்கள்

படம் போனதும் நின்ற இடத்திலேயே பெட்டியைத் திறக்கத்தான் கை போகும். சாக்கடைக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். ஒன்று தீப்பிடிக்கும், இன்னொன்று ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை வாசனை நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய்விடும். கேமராவை மெல்ல வெளியே இழுத்து, மூடியைப் போட்டுவிட்டு, நிழலில் தள்ளி வந்து உட்காருங்கள்.

கேமரா உள்ளே சிக்கிக்கொண்டால் யாரையும் இறக்கக் கூடாது, நீங்களும் இறங்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ராடை, அதாவது தள்ளும் கம்பியை, வெட்டிவிட்டு வருவது மலிவு.

அடுத்தது கழுவுதல். ராடையும் தலையையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை, கையுறையைக் கழற்றாதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் மட்டும் பிளக் பக்கம் போகவே கூடாது. பின்னை அரித்துவிடும். பிளக்குக்கு மூடி இல்லையென்றால் பாலித்தீன் உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

2. திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இதற்கு மீட்டர் வேண்டாம். இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

திரையே எரியவில்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச். கேமராவை மறந்துவிடுங்கள்.

திரை நீலமாகி "சிக்னல் இல்லை" என்று வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. படம் வந்து சேரவில்லை. இப்போது தலையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் மின்சாரம் கடைசி வரை போகிறது, வீடியோ ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம், இல்லை தலைக்குள் கோளாறு. விளக்கும் எரியவில்லை என்றால் பிளஸ் அல்லது மைனஸ் ஒயர்.

திரை நீலமாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் அது வேறு கதை. படம் வருகிறது, வெளிச்சம்தான் இல்லை. செல்போன் டார்ச்சை லென்ஸுக்கு முன் காட்டுங்கள். ஏதாவது தெரிந்தால் எல்.இ.டி. பக்கம் கோளாறு. ஆனால் அதற்கு முன் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பாருங்கள். என்.ஜி.ஓ. காலனியில் ஒரு பையன் விளக்கு போச்சு என்று பதறிக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் திருகு சுழியத்தில் இருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பைக்குள் திணிக்கும்போது தானாகத் திரும்பிவிடும்.

படம் வருகிறது, விளக்கை முழுதாகக் கூட்டினால் மட்டும் உருள்கிறது அல்லது போய்விடுகிறது என்றால் வோல்டேஜ் போதவில்லை. இந்த ஒன்றை நினைவில் வையுங்கள், கணக்கு 6-ஆம் படியில் வருகிறது.

சார்ஜரிலோ ஜெனரேட்டரிலோ ஓட்டும்போது மட்டும் திரையில் பட்டைகள் மெல்ல மேலே ஏறுகின்றன, பேட்டரியில் ஓட்டினால் சுத்தமாக இருக்கிறது என்றால் கேமராவில் கோளாறே இல்லை. சார்ஜரிலிருந்து கலக்கும் மின் இரைச்சல் அது. ஈரத்தில் நின்றுகொண்டு கரண்டில் ஓட்டுவதே தப்பு. பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

உங்கள் கேமரா தலையில் 512 ஹெர்ட்ஸ் சோண்டு (தலை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பும் பாகம்) இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. அந்தச் சிக்னலைப் பிடிக்கும் லொக்கேட்டரைத் தலைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அது கத்தினால் தலைவரை மின்சாரம் போகிறது என்று அர்த்தம்.

3. பேட்டரியை விளக்கு எரியும்போது அளங்கள்

சும்மா கிடக்கும் பேட்டரி பொய் சொல்லும். எல்லாவற்றையும் இணைத்து, விளக்கை முழுதாகக் கூட்டி, அப்போது அளக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் பக்கம் காட்டும். சுமையில் 11.5-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். மூன்று செல் வரிசையில் உள்ள லித்தியம் பேட்டரி நிறையும்போது 12.6, பத்துக்குப் பக்கத்தில் வந்தால் கிட்டத்தட்டக் காலி.

இங்கே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. இரண்டு வகைக்கும் சார்ஜரின் பிளக் ஒரே மாதிரி இருக்கும். லெட் ஆசிட் சார்ஜர் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். அதைத் தெரியாமல் லித்தியத்தில் குத்தினால் உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மலிவு பேட்டரி தீப்பிடிக்கலாம். இரண்டு சார்ஜரிலும் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். சிகரெட் பெட்டி ஜரிகைத்தாளைச் சுற்றிப் போட்ட பெட்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஃபியூஸ் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

4. பிளக்கும் பின்னும்

என் 11,500 ரூபாய் போன இடம் இதுதான், கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

பெரும்பாலான சின்னக் கேமராக்களில் ரீலிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஒயரில் திருகுமூடி போட்ட வட்ட பிளக் இருக்கும். கடைக்காரர்கள் ஏவியேஷன் பிளக் என்பார்கள். மாட்டும்போது பள்ளத்தைப் பார்க்காமல் அழுத்திவிட்டால் ஒரு பின் பின்னால் தள்ளிவிடும், அல்லது சாயும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பின்னும் இருக்கிற மாதிரிதான் தெரியும். டார்ச் அடித்து, பக்கவாட்டில் பார்த்து, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, மீட்டரை "பீப்" சத்தம் வரும் இடத்தில் வைத்து, இந்த இணைப்பு ஒயரை மட்டும் இரண்டு பக்கமும் கழற்றிச் சோதியுங்கள். ஒரு முனையின் 1-ஆம் பின்னுக்கும் மறுமுனையின் 1-ஆம் பின்னுக்கும் பீப் வர வேண்டும். வேறு எதற்கும் வரக் கூடாது. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கின் கழுத்தை வளைத்து ஆட்டுங்கள். விட்டுவிட்டு வந்தால் உள்ளே ஒயர் முறிந்திருக்கிறது. பிளக்கைத் திறந்தால் பெரும்பாலும் பற்று விட்டுப்போன சால்டர்தான் இருக்கும்.

பின்னில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். டபிள்யூ.டி.40 அடிக்கும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அடித்த அன்று நன்றாக இருக்கும். எண்ணெய்ப்படலம் தங்கிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். நம் புழுதி தெரியும்தானே, ஆடிக்காற்றில் தென்காசி ரோட்டில் ஒரு மணி நேரம் போதும்.

5. ரீலைச் சுழற்றிப் பாருங்கள்

ரீல் சுழலும்போதும் தொடர்பு அறாமல் இருக்க நடுவில் ஸ்லிப் ரிங் என்று ஒரு பாகம் இருக்கும். சுழலும் வளையத்தின் மேல் சின்னத் தூரிகைகள் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும். தலையைத் தரையில் அசையாமல் வைத்துவிட்டு ரீலை மட்டும் மெல்லக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புங்கள். அதற்கேற்பக் கோடு விழுந்தாலோ படம் போய் வந்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டான்.

மூடிய வகையாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும், சுத்தம் செய்ய முடியாது. எனக்கு ஆறு ஒயர் உள்ளது 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது, வந்து சேர ஒன்பது நாள். திறந்த வகையாக இருந்தால் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் வளையங்களைத் துடையுங்கள். தூரிகையை விரலால் நிமிர்த்தாதீர்கள். மயிரிழை அளவு வளைந்தாலும் அப்புறம் சரியாக உட்காராது.

மிக மலிவான கேமராக்களில் ஸ்லிப் ரிங்கே கிடையாது. ரீலின் பக்கவாட்டில் ஒரு சாக்கெட் மட்டும் இருக்கும், வேண்டியபோது ஒயரை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியபடியே ரீலைச் சுற்றினால் ஒயர் முறுக்கிச் சாக்கெட்டோடு பிய்ந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

6. ராடுக்குள் ஒயர் உயிரோடு இருக்கிறதா?

தள்ளும் கம்பியைத்தான் ராட் என்கிறோம். உள்ளே கண்ணாடி இழைக் கம்பி, அதைச் சுற்றி மெல்லிய செம்பு ஒயர்கள், மேலே பிளாஸ்டிக் உறை. தலையில்லாமல் அளந்தால்தான் உண்மை தெரியும். தலையைத் திருகிக் கழற்றுவது வேறு, தலையைத் திறப்பது வேறு. கழற்றும் வகையில், தலையை வளையவிடும் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு இணைப்பு இருக்கும், அங்கே மட்டும் பிரியுங்கள். ராட் ரீலில் சுற்றியிருப்பதால் இரண்டு முனையும் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும், இன்னொரு ஆள் வேண்டாம்.

முதல் அளவு, ஒவ்வொரு ஒயரும் எத்தனை ஓம் என்பது. முன்னதாக மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சேர்த்து வைத்து வரும் 0.3 ஓம் மாதிரி எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 0.2 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.086 ஓம் காட்டும். 30 மீட்டருக்கு 2.6 ஓம். உங்கள் ராடில் ஒயர் பருமன் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஒரே பருமனாக இருந்தால் எல்லா ஒயரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இரண்டு ஒயர் 2.6 காட்டி மூன்றாவது 8 காட்டினால், அந்த ஒயர் எங்கோ அறுந்தோ அரித்தோ பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

விளக்கைக் கூட்டினால் படம் போகிறது என்று சொன்னேனே, அதன் கணக்கு இதுதான். போக 2.6, வர 2.6, மொத்தம் 5.2 ஓம். தலை 0.25 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 1.3 வோல்ட் கரைந்துவிடும். பேட்டரி 12-ல் இருக்கும்போது தலைக்கு 10.7 போகும், படம் ஓடும். பேட்டரி 10.8-க்கு இறங்கினால் தலைக்கு 9.5-தான். விளக்கைக் குறைத்தால் கரண்ட் குறையும், இழப்பும் குறையும், படம் திரும்பி வரும். அப்படி வந்தால் கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் பேட்டரி, அப்புறம் ஓம் அதிகம் காட்டும் இணைப்பு.

இரண்டாவது அளவு, ஒயருக்கும் ஒயருக்கும் நடுவே. இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது மீட்டர் எல்லையற்றது என்றே காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் என்று ஏதோ எண் வந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும். இதற்கு மெக்கர் (அதிக வோல்டேஜ் கொடுத்து ஒயரின் உறையைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டு 500 வோல்ட் அடிக்கலாமே என்று எலெக்ட்ரீஷியன் நண்பர்கள் சொல்வார்கள். தலையோ மானிட்டரோ மாட்டியிருந்தால் அந்த நொடியில் அது போய்விடலாம்.

மூன்றாவது, அறுந்த இடம் எங்கே? பெரும்பாலும் ஸ்பிரிங்குக்குப் பின்னால் முதல் ஒரு மீட்டருக்குள். வளைவுகளில் முட்டி முட்டி மடங்குவது அந்தப் பகுதிதான். படம் ஓடும்போது அந்த இடத்தைக் கையால் மெல்ல வளைத்துக்கொண்டே போனால் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது. மீட்டரைக் கெப்பாசிட்டன்ஸ் அளவில் வையுங்கள், ஒயரின் நீளத்துக்கேற்ப இந்த எண் கூடும். அறுந்த ஒயருக்கும் நல்ல ஒயர் ஒன்றுக்கும் நடுவே தலை முனையில் ஒருமுறை, ரீல் முனையில் ஒருமுறை அளங்கள். ஸ்லிப் ரிங்கையும் பிரித்துவிட வேண்டும். தலைப்பக்கம் 0.3 நானோஃபாரட், ரீல்பக்கம் 2.7 என்று வருகிறது, ராட் 30 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 3.0, அதில் பத்தில் ஒரு பங்கு தலைப்பக்கம். ஆக, தலையிலிருந்து 3 மீட்டரில் அறுந்திருக்கிறது. முதல்முறை இதைச் செய்து, குறித்த இடத்தில் வெட்டி, அரைச் சாண் தள்ளி அறுந்த ஒயரைக் கண்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஒயர் முழுதாக அறுந்திருந்தால்தான் இது பலிக்கும், ஈரம் ஏறியிருந்தால் பலிக்காது.

7. தலையைத் தனியாகச் சோதிப்பது

இவ்வளவுக்கும் பிறகுதான் தலை. அப்போதும் திறக்கப் போவதில்லை.

உங்கள் தெருவில் சிசிடிவி மாட்டும் தம்பி யாராவது இருப்பார். அவரிடம் கையடக்க டெஸ்டர் இருக்கும். அதில் 12 வோல்ட் வெளியே வரும், வீடியோ உள்ளே போகும். தலையை நேராக அதில் இணைத்தால் ரீல், ராட், மானிட்டர் எதுவும் இல்லாமல் தலை நல்லதா கெட்டதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்கு ஒரு டீ போதும்.

இரண்டு எச்சரிக்கை. எல்லாத் தலையும் 12 வோல்ட் அல்ல. ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பார்க்காமல் இணைக்காதீர்கள். அப்புறம், சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மஞ்சள் வீடியோ என்று நிறத்தை நம்பாதீர்கள். பீப் வைத்து, மானிட்டர் பக்கப் பின்னிலிருந்து தொடர்ந்து வந்து எது எது என்று தாளில் எழுதிய பிறகே இணையுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் தலை அந்த நொடியே போய்விடலாம்.

டெஸ்டரில் படம் நன்றாக வந்து, உங்கள் மானிட்டரில் கறுப்பு வெள்ளையாக உருண்டால் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்ற இரண்டு வீடியோ முறைகளில் அமைப்பு மாறியிருக்கிறது. மெனுவில் மாற்றினால் முடிந்தது. புதுத் தலை வாங்கியவர்கள் பலர் இதைக் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

டெஸ்டரிலும் படம் இல்லை என்றால் தலை போய்விட்டது. சின்னத் தலைகளை உள்ளே பழுது பார்ப்பது வீண். புதிதாக வாங்குங்கள்.

8. ராடை வெட்டி மறுபடி இணைப்பது

அரை நாள் வேலை, ஒட்டுப்பசை காய ஒரு நாள். கெட்ட இடத்தோடு நிறுத்தாமல் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள். இழை கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் ஒரு சாண். கஞ்சத்தனம் பார்த்து விட்டுவைத்த ஈரம் இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

கண்ணாடி இழையை அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசி தோலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும்.

தள்ளும் பலமும் இழுக்கும் பலமும் கண்ணாடி இழைக் கம்பியில்தான் விழ வேண்டும், ஒயரில் அல்ல. அதனால் கம்பியை உலோகக் குழலுக்குள் 24 மணி நேரம் காயும் அரால்டைட் வைத்து ஒட்டிவிட்டு, ஒயர்களைக் கொஞ்சம் தளர்வாக விட்டு இணையுங்கள். மூன்று சால்டரையும் ஒரே இடத்தில் போடாமல் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட் ஷ்ரிங்க், மேலே பசை உள்ள பெரியது ஒன்று. ட்யூபை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். சால்டர் போட்ட பிறகு ட்யூபைத் தேடி நான் தலையில் கை வைத்தது மூன்று தடவை.

அடைக்க ஹார்டுவேர் கடை சிலிக்கான் வாங்கினால் முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாசனை அடித்தால் அது செம்பை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பைக் கடை கிரீஸ் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் போனதும் லென்ஸில் பனியாகப் படியும். வெயில் நாள் பார்த்து மூடுங்கள், முடியாவிட்டால் ஏ.சி. அறையில்.

9. வெளியே அனுப்புவதாக இருந்தால்

பில், சீரியல் நம்பர், பெட்டியில் என்னென்ன வந்தன என்ற பட்டியல். இந்த மூன்றையும் வாங்கிய அன்றே செல்போனில் படமெடுத்து வையுங்கள். சீரியல் ஸ்டிக்கர் சாக்கடைத் தண்ணீரில் ஆறு மாதம்கூட நிற்காது. என்னுடையது அழிந்துவிட்டது, அதற்காகவே ஒரு வாரம் கடிதப் போக்குவரத்து.

கோளாறை வீடியோ எடுத்து அனுப்புங்கள். "படம் வரவில்லை" என்று எழுதினால் அங்கே மாட்டிப் பார்த்து, வருகிறதே என்று திருப்பி அனுப்புவார்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அதுதான் கதி. எந்தப் படியில் என்ன எண் வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், பழுதுக்குப் போகிறது, விற்பனைக்கல்ல என்று எழுதிய டெலிவரி சலான் போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் பொருளின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேலே போனால், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேலே போனால் இ-வே பில்லும் வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். விமானத்தில் போகும் கூரியர் என்றால் பார்சலே திரும்பி வரும். பேட்டரியில் கோளாறு இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் அனுப்பிய இடத்தில் பார்த்துச் சொல்வதற்கே 750 ரூபாய் வாங்கினார்கள். பழுது பார்த்தால் கழித்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். எத்தனை செலவு வரை உங்களைக் கேட்காமல் செய்யலாம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். நாளைப் பொறுத்தவரை, அவர்கள் சொல்வதை இரட்டிப்பாக்கிக்கொண்டு வாடிக்கையாளரிடம் தேதி சொல்லுங்கள்.

10. வெள்ளத்தில் நனைந்த பெட்டி

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் என் பெட்டியும் ஒரு ராத்திரி தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைத் தட்டியவர்கள் எல்லாரும் போர்டை இழந்தார்கள். தண்ணீர் அல்ல, தண்ணீரோடு சேர்ந்த கரண்ட்தான் போர்டைத் தின்கிறது. நான் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு (நனைந்த லித்தியத்தைச் சார்ஜ் போடவே கூடாது), பெட்டியைத் திறந்து நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஐந்து நாள் வைத்தேன். திரையை வெயிலில் வைக்கவில்லை, எல்.சி.டி. கறுத்துவிடும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் அரிசிதான் கெடும். மானிட்டர் பிழைத்தது, ஸ்லிப் ரிங் பிழைக்கவில்லை.

11. வேலைக்குக் கொண்டுபோகும் முன்

பழுது முடிந்ததும் நேராகக் குழாய்க்குள் விடாதீர்கள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடியுங்கள். தலையையும் ஸ்பிரிங்கையும் புதிதாக இணைத்த இடத்தையும் சேர்த்து உள்ளே போட்டு, விளக்கை முழுதாக எரியவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ராடை வளைத்து, ரீலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விளக்குச் சூட்டில் காற்று விரியும், கசிவு இருந்தால் குமிழி வரும். அப்புறம் விளக்கை அணைத்து, தண்ணீருக்குள்ளேயே அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் தலை தண்ணீரை உள்ளே இழுக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு எடுத்தால் இந்தக் கசிவு தெரியவே தெரியாது.

எடுத்துத் துடைத்து, ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் லென்ஸைப் பாருங்கள். ஓரத்தில் பிறை மாதிரி ஆவி படிந்திருந்தால் ஓ-ரிங்கை மறுபடி கழற்றத்தான் வேண்டும். அன்றைக்கு ஒத்துக்கொண்ட வேலை இருந்தால் போன் போட்டு நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்.